தோற்றால்தான் வருவான்

விமானத்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அதில் என் மகன் செந்தூரன் இருந்திருக்க வேண்டும். அவனுடைய அணி வென்றுவிட்டது, அதனால் அவன் வரவில்லை. அவன் இடத்தில் என் கைப்பையையும் பயணத்துக்கென்று பொரித்த பகோடாவையும் வைத்துவிட்டு, "கோதாரி விழுந்த பந்து" என்று வாய்விட்டே சொன்னேன். ஜன்னலோரம் இருந்த வெள்ளைக்காரக் கிழவர், பறப்பதற்குப் பயப்படுகிறேனாக்கும் என்று நினைத்து ஒரு இனிப்புத் தந்தார்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செந்தூரன் டொரோண்டோவில் தொழில்முறை பேஸ்போல் அணி ஒன்றுக்கு பிசியோ. பந்து எறிகிறவர்களின் தோள்மூட்டும் முழங்கையும் அவன் பொறுப்பு. நல்லூர்த் திருவிழா என்றால் இருபத்தைந்து நாள். இவர்களுடையது ஆறு மாதத் திருவிழா. சித்திரை பிறக்க முன்னமே கொடியேற்றிவிடுவார்கள், புரட்டாதி வரை ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஆட்டம். பாதி உள்ளூரில், பாதி வெளியூரில். அந்த ஆறு மாதமும் என் மகனுக்குக் கலியாணம் கிடையாது, செத்தவீடு கிடையாது, கோயில் கிடையாது. புரட்டாதி முடிவில் நன்றாக ஆடிய அணிகள் மட்டும் ஐப்பசிக்குள் போகும், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். எங்கள் ஆட்கள் வழக்கமாக வீட்டுக்குப் போகிறவர்கள். அந்த நம்பிக்கையில்தான் ஐப்பசியில் பாரிஸுக்குப் பெண் பார்க்கப் போவது என்று தாயும் மகனும் டிக்கெட் எடுத்தோம். கடைசி நாள் பார்த்து வென்று தொலைத்தார்கள்.

"அம்மா, நீங்கள் முன்னுக்குப் போங்கோ. தோத்தா அடுத்த பிளேனிலை வாறன்" என்றான்.

"தோக்காட்டி?"

"தோக்காட்டி நல்லதுதானே அம்மா!"

அவனுக்கு நல்லதுதான்.

பாரிஸில் நான் தங்கியது சித்தியின் மகள் வசந்தியின் வீட்டில், மார்க்ஸ் டோர்மோயில். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, குளியலறைக்குள் நான் திரும்பினால் வாளி விழும். ஆனால் கீழே இறங்கி ஒரு நடை நடந்தால் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பல். கனடாவில், எங்கள் ஸ்காபரோவில், ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்குக் காரை எடுக்கிற எனக்கு, செருப்போடு போய் முருங்கைக்காய் வாங்குவதே ஒரு அதிசயம். மழை தூறிக்கொண்டே இருந்தது. கடை வாசல்களில் ஆண்கள் கூட்டம் கூட்டமாக நின்று பபியே பற்றிக் கதைத்தார்கள். பபியே என்றால் விசா, வதிவிடக் காகிதங்கள். முப்பது வருசத்துக்கு முதல் வந்தவருக்கும் அதே கதை, முந்தாநாள் வந்தவருக்கும் அதே கதை.

வசந்தி உணவகம் ஒன்றில் சமையல். முதல் நாள் அங்கே எனக்குக் கணவாய்க் கறியும், நீளப் பிரெஞ்சுப் பாணும், ஒரு கோப்பை சொதியும் வைத்தாள். பாணை முறித்துச் சொதியில் தோய்த்துத் தின்றேன். மேல்தோல் மொறுமொறு என்றும் உள்ளே சொதி ஊறியும், சொன்னால் நம்பமாட்டீர்கள், கனடாவில் நாங்கள் தின்கிறது பாணே இல்லை. இரண்டாவது பாணையும் முடித்த பிறகுதான் நான் என்னத்துக்கு வந்தேன் என்ற ஞாபகம் வந்தது.

"அக்கா, இன்னும் மூண்டு கிழமைதான்" என்றாள் வசந்தி. "பெடியன் அதுக்குள்ளை வராட்டி அவையள் பொறுக்க மாட்டினம். நீங்கள் வெளிக்கிட்ட அடுத்த நாள் சுவிசிலை இருந்து வேறை மாப்பிளைப் பகுதி வருகுது. பெம்பிளையின்ரை தேப்பன் ஆளை நேரிலை பாக்காமல் ஓம் சொல்ல மாட்டாராம்."

சாதகம் பொருந்தியிருந்தது. செந்தூரனும் அந்தப் பிள்ளையும் நாலைந்து தரம் போனில் முகம் பார்த்துக் கதைத்திருந்தார்கள். என் மகன் போனை வைத்தபின் தனியே சிரித்துக்கொண்டு பாத்திரம் கழுவியதை நான் கண்டிருக்கிறேன். முப்பத்திரண்டு வயதில் அவன் முதல்முறையாக வேண்டும் என்று கேட்ட பெண். அது கைநழுவிப் போகுமே என்று எனக்குப் பயம்.

அன்று பின்னேரம் லாச்சப்பல் பிள்ளையாரிடம் போனேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன். "அப்பனே, இந்தப் பெடியள் கெதியாத் தோத்துப் போகவேணும். உனக்கு ஒரு தேங்காய் உடைக்கிறன்."

பக்கத்தில் நின்ற வசந்திக்குக் கேட்டுவிட்டது. "அக்கா! பெத்த பிள்ளையின்ரை வேலையிலையே மண் அள்ளிப் போடுறியளே!"

"அவன்ரை வேலை போகாதடி. சம்பளம் வரும். ஆட்டம் மட்டும்தான் முடியும்."

"சரி, ஒரு ஆட்டம் தோத்தாக் காணுமோ?"

காணாது. ஐந்தில் மூன்று தோற்கவேண்டும். ஒரு தேங்காய் போதுமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் பெண் வீட்டுக்கு, பாரிஸுக்கு வெளியே இருக்கும் பியர்ஃபித்துக்கு. பெண்ணின் தகப்பன் பரஞ்சோதி அண்ணை லாச்சப்பலில் மரக்கறிக்கடை வைத்திருக்கிறார். கனத்த ஆள், கனத்த குரல். ரோல்ஸ், வடை, கேக் எல்லாம் மேசையில் வைத்துவிட்டு நேரே விசாரணைக்கு வந்தார்.

"பேஸ்போல் எண்டா என்ன தங்கச்சி?"

"எங்கடை எல்லே மாதிரித்தான் அண்ணை. ஒராள் எறிய மற்றாள் தடியாலை அடிச்சுப்போட்டு ஓடுறது."

"எல்லேயோ! பள்ளிக்கூடத்திலை இடைவேளைக்கு விளையாடுறது. அதுக்கே அங்கை சம்பளம் குடுக்கினம்?"

"எங்கடை பெடியன் விளையாடுறேல்லை அண்ணை. விளையாடுற ஆக்களின்ரை தோளைப் பாக்கிறவன்."

"ஓ" என்றார் பெண்ணின் தாய், "கை கால் பிடிச்சு விடுற வேலை."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நான் முப்பது வருசம் பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் இருந்தவள். வாய்க்குள் வருவதை விழுங்கிச் சிரிக்கத் தெரியும். "பல்கலைக்கழகத்திலை படிச்சுப் பட்டம் எடுத்த பிசியோ" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, ஒரு வடையைக் கடித்தேன்.

அப்போதுதான் பிள்ளை வந்தாள். பெயர் ஆரணி. மார்க்ஸ் டோர்மோய்க்குக் கீழே ஓடும் பன்னிரண்டாம் இலக்க மெத்ரோவின் சாரதி. சுரங்கத்துக்குள் ரயில் ஓட்டுகிற பெண்ணை நான் அதுவரை கண்டதில்லை. வேலைச் சட்டையோடு வந்தவளிடம் தாய் தமிழில் என்னவோ கேட்க, அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். என்னிடம் மட்டும் தமிழ். "வணக்கம் அன்ரி. குளிருதோ?" நின்றபடியே ஒரு ரோல்ஸை எடுத்துத் தின்றாள். நல்ல பசி. எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

"அவருக்கு ஞாயிறும் வேலையோ அன்ரி?"

"ஞாயிறுதான் பிள்ளை கட்டாயம் வேலை."

"எனக்கும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு ரோல்ஸ் எடுத்தாள்.

அடுத்த நாள் காலமை செந்தூரனின் போன். அவர்களின் இரவாட்டம் முடிய எங்களுக்கு விடியும். "அம்மா, வெண்டிட்டம்! அந்த நெடுவலின்ரை தோள் தாங்கிட்டுது அம்மா!" என்று குழந்தை மாதிரிக் கத்தினான். நெடுவல் என்று அவன் சொல்வது அணியின் முக்கியமான எறிகாரன் ஒருவனை. வசந்த காலத்தில் தோள் விட்டுப்போய், இனி எறியமாட்டான் என்று எல்லாரும் கைவிட்ட ஆள். செந்தூரன் மட்டும் விடவில்லை. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தத் தோளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, அவன் எனக்கும் ஒரு சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டான்.

"நல்லது ராசா" என்றேன். போனை வைத்தபின் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அந்தச் சுற்றை வென்றார்கள். அடுத்த சுற்றில் ஏழு ஆட்டம், நாலு வெல்ல வேண்டும். அதிலும் ஒன்று வென்றார்கள், ஒன்று தோற்றார்கள், மறுபடி வென்றார்கள். நான் காலமையில் ஒரு முகமும் மாலையில் ஒரு முகமுமாகத் திரிந்தேன். அதற்கிடையில் ஒரு நாள் மெத்ரோவில் க்ரேவ், அதாவது வேலைநிறுத்தம். மழையில் நானும் வசந்தியும் நடந்தே போனோம். குடைக்குள் இரண்டு பிரெஞ்சுக் கிழவிகள் எங்களுக்கு முன்னால் போனார்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னதை வசந்தி எனக்குச் சொன்னாள்: "நிற்பாட்டட்டும், நல்லது. என் மருமகள் இன்று வரமாட்டாள்." மாமியார் எங்கேயும் மாமியார்தான் என்று இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நானும் ஒரு மாமியாராக வந்திருக்கிறேன் என்பது ஞாபகம் வந்து சிரிப்பைக் குறைத்துக்கொண்டேன்.

கிழமை நடுவில் பரஞ்சோதி அண்ணை கடைக்குக் கூப்பிட்டார். கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவே நின்று போனை நீட்டினார்.

"தங்கச்சி, இதிலை எல்லாம் கிடக்கு. இந்த வருசம் மட்டும் உங்கடை பெடியன்ரை ஆக்கள் எழுபது தரம் தோத்திருக்கினம். எழுபது! எந்த அணி எழுபது தரம் தோக்கிறது? போன வருசம் இன்னும் கூட. பெடியன் வேலைக்குச் சேர்ந்த நாளிலை இருந்து தோல்விதான். சாதகத்திலை சனி என்னவும் இருக்கோ? மறைக்காமல் சொல்லுங்கோ."

"ஐயோ அண்ணை! அவையள் வருசத்துக்கு நூற்றி அறுபது ஆட்டத்துக்கு மேலை ஆடுறவை. எழுபது தோத்தா மிச்சம் வெற்றி. எல்லாரையும் வெல்லுற சாம்பியனும் அறுபது தரம் தோப்பான். அந்த விளையாட்டு அப்பிடி."

"அறுபது தோத்தவன் சாம்பியனோ?"

"உங்கடை கடையிலை ஒவ்வொரு நாளும் கத்தரிக்காய் முழுக்க விக்குதோ அண்ணை? விக்காத நாள் கடையைப் பூட்டிப்போட்டுப் போறியளோ?"

அவர் முகம் இறுகியது. "கத்தரிக்காய் வேறை, என்ரை பிள்ளையின்ரை சீவியம் வேறை" என்றார். வெளியே வந்தபோதுதான் என் நிலைமை முழுதாக விளங்கியது. அணி வென்றால் மகன் வரமாட்டான். தோற்றால் சனி என்பது உறுதியாகிவிடும். பிள்ளையாருக்கும் இது சிக்கலான வழக்குத்தான்.

மனம் ஆறட்டும் என்று அடுத்த நாள் செவ்ரானில் இருக்கும் பள்ளித் தோழியைப் பார்க்கத் தனியே வெளிக்கிட்டேன். "பி லைன், நேரே போகும்" என்றாள் வசந்தி. நேரேதான் போனது. செவ்ரானில் நிற்காமல் நேரே போனது. எதிரே இருந்த ஆபிரிக்கப் பெண்ணிடம் "செவ்ரான்? செவ்ரான்?" என்று கேட்க, அவள் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைந்த ஸ்டேஷனைக் காட்டிக் கையை விரித்தாள். நான் இறங்கியது விமான நிலையத்தில். என் டிக்கெட்டுக்கு வெளிக்கதவு திறக்கவில்லை. வசந்திக்குப் போன் போட்டேன். அவள் அடுப்பில் நின்றாள், வேறு ஆளை அனுப்புகிறேன் என்று வைத்தாள். கொஞ்ச நேரத்தில் போனில் வேறொரு குரல் கூப்பிட்டது.

"அன்ரி, ஆரணி கதைக்கிறன். எனக்கு இண்டைக்கு வேலை இல்லை. அங்கையே நில்லுங்கோ, எங்கையும் ஏறாதேங்கோ."

வந்தாள். கதவடியில் நின்ற ரயில்வே ஊழியனிடம் என்னவோ கதைத்தாள். அவன் சிரித்துக்கொண்டு திறந்துவிட்டான்.

"என்ன பிள்ளை சொன்னனி?"

"என்ரை அன்ரி, ஆகாயத்துக்கு ரயில் போகுமெண்டு நினைச்சு ஏறிட்டா எண்டு சொன்னன்."

பயணிகள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிற இடத்தில் ஆளுக்கொரு கோப்பியோடு இருந்தோம். இந்த வழியாலேதான் என் மகன் வரவேண்டும் என்று நினைத்தேன். அவளும் அதையே நினைத்தாளோ தெரியாது. கோப்பையைச் சுற்றிக்கொண்டு கேட்டாள்.

"அன்ரி, நான் ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டியளே? எத்தினை தரம் தோத்தவை எண்டதெல்லாம் அப்பாவின்ரை கேள்வி. என்ரை கேள்வி வேறை. தோத்த நாளிலை அவர் வீட்டுக்கு எப்பிடி வருவார்?"

"எப்பிடியெண்டா?"

"அப்பாவுக்கு யாவாரம் சரியில்லாத நாள், கதவு சாத்துற சத்தத்திலையே தெரியும். நானும் அம்மாவும் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள்ளை போயிடுவம். சின்னனிலை இருந்து அப்பிடித்தான். கூடாத மனுசன் இல்லை. ஆனா அந்தச் சத்தம் எனக்கு இனிக் காணும்." நிமிர்ந்து பார்த்தாள். "அவர் எழுபது நாள் தோத்துப்போட்டு வீட்டை வந்திருக்கிறார். நீங்கள் அந்த வீட்டிலைதானே இருக்கிறியள்."

எந்த மாமியாருக்கும் பதில் நாக்கு நுனியில் இருக்கும். என் பிள்ளை தங்கம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா வாயால் சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியாது பிள்ளை. அவன் வரேக்கை நான் நித்திரை. அண்டைக்கு வெண்டவையோ தோத்தவையோ எண்டு நான் கேக்கிறதுமில்லை." பிறகு சொன்னேன், "நான் பாத்துச் சொல்லுறன். பொய் சொல்ல மாட்டன்."

"சரி அன்ரி" என்றாள். செவ்ரான் வரை கூட வந்து, தோழி வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு எனக்கு இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது. உண்மையாகவே எனக்குத் தெரியாதே. பெற்ற பிள்ளைதான், ஆனால் நடுச்சாமத்தில் தோல்வியோடு வருகிற ஆண்பிள்ளை எப்படி இருப்பான் என்று எந்தத் தாய்க்குத் தெரியும்? அவன் தகப்பன், போய்ச் சேர்ந்த மனிதர், அவரும் ஒரு காலத்தில் கோப்பை எறிந்தவர்தான்.

ஏழாவது ஆட்டம் வரை இழுத்தார்கள். ஆளுக்கு மூன்று வெற்றி, கடைசி ஆட்டம் டொரோண்டோவில். வென்றால் இறுதிச் சுற்று, அவன் வரவே வழியில்லை. தோற்றால் அடுத்த நாள் ஏறலாம், எனக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அன்று பின்னேரம் வசந்தி ஒரு தேங்காய் வாங்கி வந்து மேசையில் வைத்தாள். நான் அதைப் பார்க்காமல் படுக்கப் போனேன்.

விடியப்புறம் போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பல் வலிக்காரர் போன் போட்டால், வாய் திறக்க முன்னமே மூச்சில் எனக்கு வலி விளங்கும். விளங்கியது.

"அம்மா."

"சொல்லு ராசா."

"தோத்திட்டம்."

பிறகு அழுதான். பெரிய சத்தமில்லை. இரண்டு மூன்று விக்கல். தகப்பனின் செத்தவீட்டுக்குப் பிறகு அவன் அழுது நான் கேட்டதில்லை. "நெடுவல்தான் எறிஞ்சவன் அம்மா. தோள் நல்லாத்தான் நிண்டது. கடைசிப் பந்தை மற்றப் பகுதிக்காரன் அடிச்சுப்போட்டான். நெடுவல் துவாயைத் தலையிலை போட்டுக்கொண்டு இருந்தவன். நானும் பக்கத்திலை இருந்தன்."

இதற்காகத்தான் நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். ஆறு மாதமாக அவன் கட்டிக் காத்த தோளைத் தோற்கடிக்கச் சொல்லித் தேங்காய் பேசியிருக்கிறேன். பாவி, பாவி என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அவன் மூக்கைச் சீறினான். "அங்கை விடிஞ்சிட்டுதோ? தேத்தண்ணி குடிச்சியளோ? குளிருக்கு வெறும் வயித்தோடை வெளிக்கிடாதேங்கோ."

"நீ சாப்பிட்டியோ?"

"ஃபிரீசரிலை நீங்கள் வைச்ச புட்டுக் கிடந்தது, சூடாக்கிறன்." கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி, இப்ப வீட்டுக்கு வரேக்கை கதவை எப்பிடிச் சாத்தினனி?"

"என்ன?"

"கேட்டதுக்குச் சொல்லு. அடிச்சுச் சாத்தினியோ?"

"இல்லை அம்மா. நீங்கள் நித்திரையாக்கும் எண்டு மெதுவாத்தான் சாத்தினன். சப்பாத்தையும் கையிலை தூக்கிக்கொண்டு வந்தன். குசினிக்கு வந்தாப் பிறகுதான் நீங்கள் பாரிஸிலை எண்டு ஞாபகம் வந்தது."

நான் போனை வசந்தியிடம் கொடுத்துவிட்டேன். இரவுச் சட்டைக்கு மேல் கோட்டைப் போட்டேன். தேங்காயையும் பையில் போட்டுக்கொண்டு, படியில் விழுந்தடித்து இறங்கினேன்.

ஆரணிக்கு அந்தக் கிழமை காலை வேலை என்று தெரியும். மார்க்ஸ் டோர்மோய் ஸ்டேஷனில் மேடையின் முன் நுனியில், சாரதிப் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் போய் நின்றேன். ஒரு ரயில் வந்தது, தாடிக்காரன். அடுத்தது, கண்ணாடி போட்ட பெண். இன்னொன்று, இன்னொன்று. வேலைக்குப் போகிறவர்கள் என்னை இடித்துக்கொண்டு ஏறினார்கள். எத்தனை ரயில் விட்டேன் என்று தெரியாது.

வந்தாள். என்னைக் கண்டதும் பக்கக் கண்ணாடியை இறக்கினாள். சனம் ஏறி இறங்குகிற நேரம்தான் எனக்கு இருந்தது.

"தோத்திட்டினம் பிள்ளை. அழுதவன். பேந்து நான் தேத்தண்ணி குடிச்சனோ எண்டு கேட்டவன்." மூச்சு வாங்கியது. "கதவை மெதுவாச் சாத்தினவனாம். நான் நித்திரை எண்டு நினைச்சு. நான் அங்கை இல்லை எண்டதே மறந்துபோச்சாம்."

அவள் முன்னால் இருட்டுக்குள் பார்த்தாள். கண் கலங்கியதா, விளக்கு வெளிச்சமா, தெரியவில்லை. கதவு மூடப்போகும் மணி அடித்தது.

"வரச் சொல்லுங்கோ அன்ரி."

"அப்பா?"

"அப்பாவுக்கு நான் சொல்லுறன்."

கண்ணாடி ஏறியது, ரயில் போனது.

நடந்து பிள்ளையாரடிக்குப் போனேன். சொன்ன சொல் சொன்னதுதான், தேங்காயை உடைத்தேன். பிறகு, பெயர்கூடச் சரியாகத் தெரியாத அந்த நெடுவலின் தோளுக்காகவும் ஒருதரம் கும்பிட்டுவிட்டு வந்தேன்.